செருப்புப் பெட்டியில் ஒரு குடில்

"உங்க வூட்ல உனக்கு முன்னாடி யாருமே ஸ்லேட்டைத் தொட்டதில்ல. நீ புள்ளைங்களுக்கு இன்னா சொல்லித் தரப் போற?"

சங்கராபுரத்தில் ஒரு நர்சரிப் பள்ளிக்கு வேலை கேட்டுப் போனபோது அதன் தாளாளர் என்னைக் கேட்ட முதல் கேள்வி இது. என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கள்ள நோட்டு பார்ப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"பாட்டு, கதை, வெட்டி ஒட்டறதுங்க ஐயா" என்றேன்.

"வெட்டி ஒட்டறதுக்கு இன்னாத்துக்கு இத்தினி படிப்பு?"

ஆனாலும் வேலை கொடுத்துவிட்டார். அது டிசம்பர் முதல் வாரம். முன்பிருந்த மிஸ் கல்யாணமாகிப் போய்விட்டார். பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா அறிவித்தாகிவிட்டது, தாத்தா படத்துக்குப் பஞ்சுத் தாடி ஒட்ட ஆள் இல்லை. என் வேலைக்கு நான் படித்த படிப்பு காரணமில்லை. அந்தத் தாடிதான் காரணம்.

இப்போது நான் ஓய்வு பெற்றவள். வயது முப்பது ஆகவில்லை என்று சிரிக்க வேண்டாம். தனியார் நர்சரிப் பள்ளியில் ஓய்வு இரண்டு வழியாக வரும். ஒன்று, கல்யாணம். மற்றது, தாளாளர். எனக்கு இரண்டாவது வழியில் வந்தது.

இதை எழுதச் சொன்னது வினோதினி. எனக்குப் பிறகு சேர்ந்து, இன்னும் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும் மிஸ். போன வாரம் போன் செய்தாள்.

"அக்கா, இந்த வருஷம் எல்லாத்துக்கும் கிட் வந்துடுச்சு. பெட்டியப் பிரிச்சா தாடி தாடியாவே இருக்குது. பின்னாடி பேப்பரை உரிச்சா தானா ஒட்டிக்கினுது. புள்ளைங்களும் ஒண்ணும் செய்யல, நாங்களும் ஒண்ணும் செய்யல. கிட் இல்லாதப்ப நாமல்லாம் இன்னாதான் பண்ணோம்னு புது மிஸ்ங்க கேக்கறாங்க. எழுதிக் குடுங்களேன், படிச்சுச் சிரிக்கிறோம்."

எழுதுகிறேன். சிரிப்பதும் சிரிக்காததும் அவர்கள் பாடு.

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பெயரைக் கையெழுத்தாகப் போட்ட முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். விடுதியில் தங்கிப் பள்ளி, பிறகு ஆசிரியர் பயிற்சி. பயிற்சியில் குழந்தை உளவியல் என்று ஒரு பாடம் உண்டு. அதில் குழந்தையின் கை எந்த வயதில் எதைப் பிடிக்கும் என்று படம் போட்டுப் பாகம் குறித்தோம். உயிருள்ள குழந்தை ஒன்றைக்கூட யாரும் கண்ணில் காட்டவில்லை. அந்தப் படத்தில் இருந்த கை மிகச் சுத்தமாக இருந்தது. அதை நம்பித்தான் நான் வேலைக்குப் போனேன்.

முதல் நாளே முப்பது கைகளுக்கு முன்னால் ஒரு கிண்ணம் பசையை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தாத்தாவின் படத்தைத் தவிர எல்லார் முகத்திலும் தாடி இருந்தது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கிட் தீர்ந்துபோகிற ஒரு நாள் வந்தால் உதவும். மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். அதைக் கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். கஞ்சி போலக் கண்ணாடியாக மாறும்போது இறக்கிவிடலாம். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். குழந்தைகளின் பசையில் அது கூடவே கூடாது, ஏனென்றால் குழந்தைகள் பசையைத் தின்பார்கள். தின்னாமலிருக்க வேப்பிலைச் சாறு ஒரு கரண்டி கலந்து பார்த்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார்கள்.

அடுத்தது கை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கையில் சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட வேண்டும். ரிப்பன் கட்டிய கை பசைக் கை, மற்றது பஞ்சுக் கை. பசையைத் தாளில்தான் தடவ வேண்டும். பஞ்சை உருட்டாமல் சிலந்தி வலை போல இழுத்து, உலர்ந்த கையால் வைத்து, ஊதிவிட வேண்டும். ஊதுவது எதற்கும் உதவாது. ஆனால் ஊதும்போது வாய் வேலையாக இருப்பதால் பசை தப்பிக்கும்.

இந்த முறையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு டிசம்பர் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது, அது பள்ளிக்குத் தேவையே இல்லை என்று. அந்தப் பள்ளியில் குழந்தைகளின் கைவேலை என்பது, குழந்தைகள் மதியம் தூங்கும்போது மிஸ்கள் செய்வது. நட்சத்திரம் வெட்டுவோம், மணி செய்வோம், தாடி ஒட்டுவோம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழந்தையின் பெயரை ஒட்டுவோம். குழந்தைகள் எழுந்ததும் அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். போட்டோ பெற்றோர் குழுவுக்குப் போகும். "வாவ், என் செல்லம் செய்ததா!" என்று அம்மாக்கள் இதயம் போடுவார்கள். போட்டோ முடிந்ததும் பொருளைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். தொட்டால் கெட்டுவிடும் அல்லவா?

இதற்கெல்லாம் காரணம் தாளாளர்தான். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவருக்குப் பள்ளிக்கு முன்பே ஒரு அரிசி ஆலை இருந்தது. காலையில் ஆலைக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருவார். புருவத்தில் தவிடு வெள்ளையாக ஒட்டியிருக்கும். பள்ளிக்கு வந்தும் அவருடைய கை ஆலையிலேயே இருந்தது. மூட்டையில் குத்தூசி போட்டு இங்கே ஒரு பிடி, அங்கே ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, கட்டை விரலால் குருணையை ஒதுக்கிப் பார்ப்பார்கள் இல்லையா, கைவேலைக் கண்காட்சியை அவர் அப்படித்தான் பார்வையிடுவார். மேசை ஓரமாக நடப்பார். திடீரென்று ஒன்றை எடுப்பார். தள்ளிப் பிடிப்பார். கண்ணைச் சுருக்குவார். எல்லா நட்சத்திரமும் ஒரே அளவாக இருந்தால் "சன்ன ரகம்" என்று தலையசைப்பார். ஒன்றின் கால் கொஞ்சம் கோணியிருந்தால், யாருடையது என்று பெயரைப் பார்த்துவிட்டு, "குருணை" என்பார்.

இது வேடிக்கைப் பேச்சாக மட்டும் இருந்திருந்தால் நான் இன்னும் அங்கே தாடி ஒட்டிக்கொண்டிருப்பேன். ஜனவரியில் அவர் குருணைகளின் பெற்றோரைக் கூப்பிடுவார். "உங்க புள்ளைக்கு நம்ம ஸ்கூல் செட் ஆவாதுங்க. கவர்ன்மென்ட்ல ஃப்ரீயா சாப்பாடே போட்றாங்க" என்று மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்புவார். மிஸ் வெட்டிய நட்சத்திரம் கோணியதற்கு, அதைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை பள்ளியை விட்டுப் போகும்.

அவருடைய கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒரு வருடம் குடிலுக்குப் பசும்புல் வேண்டுமென்று குழந்தைகளைக் கொண்டு கொட்டாங்குச்சியில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்தேன். எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற வேலைதான். பிள்ளைகள் தண்ணீர் ஊற்றினார்கள், சிலர் மூழ்கடித்தார்கள், ஒரு பையன் பால் ஊற்றினான். முளை வந்தது, சிலதில் விரல் நீளம், சிலதில் மீசை போல. தாளாளர் வந்து பார்த்தார்.

"இன்னாமா, ஒண்ணு ஜாஸ்தியா இருக்குது, ஒண்ணு கம்மியா இருக்குது?"

"பயிருங்க ஐயா. அது இஷ்டத்துக்குத்தான் வரும்."

"இஷ்டத்துக்கு வர்றதுக்கா அவங்க ஃபீஸ் கட்றாங்க?"

அன்று மாலை நானும் வினோதினியும் அடிக்கோலை வைத்துக்கொண்டு எல்லாக் கொட்டாங்குச்சிக்கும் முடி வெட்டினோம். பால் குடித்த பயிர்தான் உயரமாக இருந்தது. அதற்குத்தான் அதிகம் வெட்டு விழுந்தது.

விளையாட்டிலும் இதே ஒழுங்கு. நாற்காலி சுற்றும் ஆட்டத்தில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் பேரன் தொடர்ந்து வென்றான். பாட்டை நிறுத்தும் பொத்தானில் யாருடைய கட்டை விரல் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு தாத்தாவுக்குத் தாடி ஒட்டும் ஆட்டத்தில் மட்டும் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பேரன் தாடியைக் கொண்டுபோய்த் தாளாளரின் வேட்டியில் ஒட்டினான். அடுத்த வருடம் அந்த ஆட்டம் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது.

இப்படிப்பட்ட பள்ளியில்தான் எல்.கே.ஜி.யில் பவிஷா வந்து சேர்ந்தாள்.

வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளை. அம்மா மலையில் சாமை, கேழ்வரகு பயிர் செய்கிறவர். அந்த வருடம் நவம்பரில் ஒரு தம்பி பிறந்தான். அப்பா கோவிந்தன் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர். பவிஷா சங்கராபுரத்தில் அத்தை வீட்டில் இருந்து படித்தாள். திங்கட்கிழமை காலை ஜீப் வந்து அவளை வாசலில் இறக்கும், வெள்ளிக்கிழமை மாலை ஏற்றிக்கொண்டு போகும்.

"பாப்பா எப்டி மிஸ் படிக்குது?" என்று கோவிந்தன் வாரா வாரம் கேட்பார்.

"நல்லா கேள்வி கேக்குதுங்க."

"கேள்வியா? ஃபீஸும் நாமளே கட்டி, கேள்வியும் நாமளே கேக்கணுமா மிஸ்?" என்று சிரிப்பார். ஒருநாள் சிரிக்காமல் சொன்னார். "எனக்குப் படிக்கத் தெரியாது. போர்டு பாத்து வண்டி ஓட்றதில்ல, வளைவைப் பாத்து ஓட்டிக்கினு இருக்கறேன். இது போர்டு படிச்சா போதும். ஐயா யாரையோ தொரத்திட்டாராமே, இத அப்டி விட்டுடாதீங்க மிஸ்."

விடமாட்டேன் என்று சொன்னேன். சொல்வதற்கு எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அந்த டிசம்பரில் கைவேலை, குடில். செருப்புக் கடையில் காலிப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு வந்து, மதியத் தூக்க நேரத்தில் நாங்கள் மும்முரமாகக் குடில் கட்டினோம். பெட்டியைப் படுக்க வைத்தால் கொட்டகை. மேலே வைக்கோல். உள்ளே களிமண்ணில் இரண்டு மாடு, ஒரு ஆடு, மரியாள், சூசை. நடுவில் தீவனத் தொட்டியில் குழந்தை. எல்லாம் அச்சுப் போல ஒரே மாதிரி. போட்டோ எடுக்கும் நாளில் பவிஷாவின் கையில் ஒன்றைக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டாள்.

"இது வினோதினி மிஸ் செஞ்சது. எனக்கு வாணாம்."

"எல்லாரும் புடிச்சுக்கினு நிக்கறாங்க பாரு பாப்பா."

"அவங்களும் செய்யல மிஸ்."

பக்கத்தில் நின்ற வினோதினி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு ஒரு காலிப் பெட்டியையும் கொஞ்சம் களிமண்ணையும் கொண்டுவந்து பவிஷாவின் முன்னால் வைத்தேன். பெரிய புரட்சி என்று நினைக்க வேண்டாம், போட்டோகிராபர் காத்திருந்தார்.

அவளுடைய மாட்டுக்குக் கால் மூன்றுதான் இருந்தது. ஆனால் உண்மையான மாடு போல ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. குழந்தையைத் தொட்டியில் வைக்கச் சொன்னேன். மறுத்தாள்.

"அது மாடு தின்ற எடம் மிஸ். கீழ போட்டா மிதிச்சிடும்."

பிறகு நெஞ்சில் ஊசியால் குத்தியிருந்த கைக்குட்டையைக் கழற்றினாள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்க நாங்கள் குத்திவிடுவது. அதன் இரண்டு முனைகளையும் சேர்த்து, பெட்டியின் மேல் அட்டையில் ஓட்டை போட்டு, என் ரிப்பனால் கட்டித் தொங்கவிட்டாள். புடவையில் தூளி கட்டுவோமே, எங்கள் பக்கம் ஏணை என்போம், அது போல அழகான ஒரு குட்டி ஏணை. குழந்தையை அதில் படுக்க வைத்தாள். ஆட்டிவிட்டாள்.

தாளாளர் முன்னோட்டம் பார்க்க வந்தபோது அந்தப் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னாமா இது? ஏசு இன்னாத்துக்கு அந்தரத்துல தொங்கறாரு?"

"ஏணைங்க ஐயா. பாப்பாவே கட்டுனது."

"கைக்குட்டையிலயா? மூக்குத் தொடைக்கிற துணியில சாமியப் போட்டு வச்சிருக்கற. மாட்டுக்குக் கால் எங்க? குருணை." பெயரைப் படித்தார். "ஜனவரில இவங்க அப்பாவ வரச் சொல்லு."

"ஐயா, மத்த எல்லாம் நாங்க செஞ்சதுங்க. இது ஒண்ணுதான் புள்ள செஞ்சது."

"அதான் தெரியுதே" என்றார்.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் பங்குத் தந்தை ஒருவர். வயதானவர், முழங்கால் வலி. வரிசையாக ஒரே மாதிரிக் குடில்களைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவாகப் புன்னகைத்துக்கொண்டு வந்தார். பவிஷாவின் பெட்டியிடம் நின்றார். குனிந்தார். வலியை மறந்து மண்டியிட்டே விட்டார்.

"யாருமா இது ஏணை கட்டுனது?"

பவிஷா கையைத் தூக்கினாள். "மாடு மிதிச்சிடும் ஃபாதர். எங்கூட்ல தம்பிய இதுலதான் போடுவாங்க."

அவர் ஒரு விரலால் ஏணையை மெல்ல ஆட்டினார். "இத்தனை வருஷமா நாங்க குழந்தையை மாட்டுக் காலடியிலயே போட்டு வச்சிருக்கோம், பாத்தியா" என்று அவளிடமே சொன்னார். உடனே அம்மாக்கள் எல்லாரும் ஒரு முறை ஆட்ட வரிசையில் நின்றார்கள். கைபேசிகள் உயர்ந்தன. தாளாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். புருவத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம ஸ்கூல் கான்செப்டே அதான் ஃபாதர். லோக்கல் கல்ச்சர்."

ஜனவரியில் கோவிந்தனை யாரும் கூப்பிடவில்லை. அவர் ஒரு பை நிறையச் சாமையை ஜீப்பில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான் வெற்றி பெற்றதாக நினைத்துக்கொண்டேன். தாளாளர்களைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்த டிசம்பர் வந்தது. முதல் வாரத்திலேயே சுற்றறிக்கை. எல்லாக் குடிலிலும் ஏணை இருக்க வேண்டும். துணி வெள்ளை, ஓரம் சிவப்பு, தையல்காரரிடம் மொத்தமாகத் தைத்தாகிவிட்டது. குழந்தையின் தலை வலது பக்கம். ஏணை தரையைத் தொடக் கூடாது, கூரையை இடிக்கக் கூடாது. வாசலில் பெரிய பேனர் வைத்தார்கள். அதில் ஏணையின் படம், அதன் பக்கத்தில் தாளாளரின் படம். பவிஷாவின் படம் இல்லை. எங்கள் மதியங்கள் ஏணை கட்டுவதில் கழிந்தன. வினோதினி ஒரு மாடல் செய்தாள், மற்றவற்றை அதைப் பார்த்துச் செய்தோம்.

பவிஷா யூ.கே.ஜி.க்கு வந்திருந்தாள். கைவேலை இரண்டு வகுப்புக்கும் என்னுடையதுதான். மாடலைக் காட்டினேன். பார்த்தாள். வழக்கம்போலக் காலிப் பெட்டி கேட்டாள். கொடுத்துவிட்டேன். அவள்தானே கண்டுபிடித்தவள், அவளே கட்டட்டும் என்ற நினைப்பு.

அவள் கட்டவில்லை. மாட்டுக்கு இந்தத் தடவை நான்கு காலும் இருந்தது. ஆனால் இரண்டு மாட்டையும் ஆட்டையும் பெட்டிக்கு வெளியே, மேசையின் மேல், நூல் கட்டி நிறுத்தியிருந்தாள். உள்ளே துணியை விரித்து, குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்திருந்தாள். வாசலில் ஐஸ் குச்சிகளை நட்டு ஒரு தடுப்பு.

"ஏணை எங்க பாப்பா?"

"தம்பி இப்ப தவழுது மிஸ். ஏணையில போட்டா குதிச்சிடும்."

"மாடு?"

"வெளிய கட்டியாச்சு மிஸ்."

அதற்கு மேல் நான் கேட்க என்ன இருக்கிறது? ஆனால் தாளாளருக்கு இருந்தது. குத்தூசிக் கை நேராக அந்தப் பெட்டிக்குத்தான் வந்தது.

"போன வருஷம் நீதானே ஏணை கட்டுன? இப்ப இன்னா ஆச்சு?"

"தம்பி பெருசாயிட்டான் சார்."

"உன் தம்பி பெருசாவட்டும். ஏசு பெருசாவல இல்ல?"

பவிஷா யோசித்தாள். "எல்லாத் தம்பியும் பெருசாவும் சார்."

நானும் வினோதினியும் உதட்டைக் கடித்துக்கொண்டோம். தாளாளர் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்த மாட்டார். ஆலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, பள்ளியில் அவருக்கு மெதுவாகப் பேசுவதுதான் ஓய்வு.

"மாடலைப் பாத்துச் செய்யத் தெரியல. பழக்கியாச்சு, பழக்கமாவல. இதத் தூக்கிப் போட்டுட்டு மாடல்ல ஒண்ணை வச்சு, இது பேரை ஒட்டு. சீஃப் கெஸ்ட் வந்துகினு இருக்காரு. ஜனவரில அவங்கப்பா கிட்ட நான் பேசிக்கறேன்."

இந்த முறை சிறப்பு விருந்தினர் ஜவுளிக் கடைக்காரர். அவருக்கு முழங்கால் நன்றாக இருந்தது. அவர் யாருக்காகவும் மண்டியிடப் போவதில்லை.

பசைக் கிண்ணம் என் கையில் இருந்தது. பெயர்ச் சீட்டும் இருந்தது. 'பவிஷா, யூ.கே.ஜி.' என்று என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தேன். எத்தனையோ பெயர்களை இப்படி எத்தனையோ தாடிகளின் கீழே ஒட்டியவள் நான். அன்று கை நகரவில்லை. பவிஷா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்ட முடியாதுங்க ஐயா."

"இன்னாது?"

"அவ செஞ்சது இதுங்க. பேரு இதுலதான் இருக்கும்."

அவர் என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அன்னிக்கே கேட்டேன். வூட்ல யாரும் ஸ்லேட்டைத் தொடலன்னா இதான். ஒரு முறை, ஒரு ஒழுங்கு எங்கேந்து வரும்?"

"தொடலதாங்க ஐயா" என்றேன். எனக்கே ஆச்சரியமாக என் குரலும் மெதுவாகத்தான் வந்தது. "ஆனா எங்கப்பா அடுத்தவன் வெட்டுன கரும்புக் கட்டத் தன் கட்டுன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்க. எங்க வூட்டு ஒழுங்கு அதான்."

சீட்டைப் பவிஷாவின் பெட்டி மேலேயே ஒட்டினேன். ரிப்பன் கட்டாததால் இரண்டு கையிலும் பசை. அதே கையோடு அறையை விட்டு வெளியே வந்தேன். எல்லாருக்கும் ஓய்வு பெறும்போது மாலை போடுவார்கள். எனக்கு வினோதினி கை துடைக்க ஒரு துணி கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பு ஓரம் போட்ட வெள்ளைத் துணி.

ஜனவரியில் பவிஷாவுக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். வாங்க வந்த கோவிந்தன் பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்து ஜீப்பை நிறுத்தினார்.

"மிஸ், உங்களையும் குருணைன்னுட்டாங்களாமே?"

"ஆமாங்க."

"ரெண்டு பேரும் ஒரே மூட்டையா? ஏறுங்க, எறக்கி வுடறேன்." அவருக்குக் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் வளைவைத்தான் பார்ப்பார். இறங்கும்போது மட்டும் சொன்னார். "விடமாட்டேன்னு சொன்னீங்க மிஸ்."

பவிஷா பின் சீட்டில் சான்றிதழ் உறையின் மேல் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வேலைக்கு நின்றேன். வினோதினி சொன்ன அந்தக் கிட்டுகளை விற்றது நான்தான். தாடி, நட்சத்திரம், ஏணையோடு குடில், எல்லாம் உண்டு. ஆம், ஏணையும் வந்துவிட்டது. தலை வலது பக்கம்.

பவிஷா வெள்ளிமலையில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், போர்டு படிக்கிறாள். அவள் தம்பிக்கும், அந்த வயதில் அங்கே சுற்றும் மற்றப் பிள்ளைகளுக்கும், அம்மாக்கள் காட்டுக்குப் போனால் இருக்க இடமில்லை. இதைக் கோவிந்தன் போனில் சொன்னபோது குறை சொல்கிறாரா அழைக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. வேலையை விடுவதாகக் கடையில் சொல்லிவிட்டேன். மொட்டை முனைக் கத்தரிக்கோல்கள், ரிப்பன், பஞ்சு, மைதா, ஒரு சாக்கு நிறையக் கொட்டாங்குச்சி. மலைப் பேருந்தில் நடத்துநர் கேட்டார், "இன்னாமா, கொட்டாங்குச்சி மலைக்கு ஏத்துமதியா?"

பிள்ளைகளை உட்கார வைக்க இடம், கோவிந்தன் ஜீப் நிறுத்தும் கொட்டாய். அவருக்குக் காலையும் மாலையும்தான் சவாரி. பகல் முழுக்க ஜீப் உள்ளே நிழலில் படுத்திருக்கும்.

"ஒரு ஓரமா வண்டி நிக்கட்டும், ஒரு ஓரமா புள்ளைங்க இருக்கட்டும் மிஸ்" என்றார். "வெயில்ல வுட்டா சீட்டு வெடிச்சிடும்."

"உள்ள வண்டி இருந்தா நான் புள்ளைங்களைக் கூட்ட மாட்டேங்க."

அவர் ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கியரை விடுவித்தார். நேற்று மதியம் அவரும் நானும் பின்னாலிருந்து தள்ள, ஜீப் கொட்டாயை விட்டு வெளியே வந்து வெயிலில் நின்றது. பவிஷா ஒரு கல்லைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். கையைப் பாவாடையில் தட்டித் துடைத்துக்கொண்டாள்.

"வெளிய கட்டியாச்சு மிஸ்."